தெரிந்ததையே கேட்கிற அம்மா

எனக்குக் கோபம் வந்தால் ஊருக்கே தெரிந்துவிடும். எங்கள் தீவில் வீட்டுக்குச் சுவர் என்று ஒன்று இருந்தால்தானே? தூண்கள், மேலே கூரை, அவ்வளவுதான். நான் இங்கே கத்தினால் மூன்றாவது வீட்டில் கோகோ காய்ச்சுகிறவள் கரண்டியை நிறுத்திவிட்டுக் காது கொடுப்பாள். "அசெனாத்தி ஆரம்பிச்சுட்டா" என்று சொல்லிவிட்டு மறுபடி கிண்டுவாள். அப்படிப்பட்ட எனக்கு, அன்றைக்குத் தேவாலயக் கூடத்தில் நர்ஸ் ரெபேக்கா ஒரு கேள்வி கேட்டபோது குரலே எழும்பவில்லை.

"உங்க பையன் பேசுவானா?"

ரெபேக்கா மாதம் ஒரு தடவை எங்கள் ஊருக்கு வருவாள். கைக்குழந்தைகளுக்கு எடை பார்ப்பாள், ஊசி போடுவாள், கிழவர்களின் காலில் உள்ள புண்ணுக்கு மருந்து கட்டுவாள். அந்த மாதம் புதிதாக ஒரு கட்டுப் படங்கள் கொண்டுவந்திருந்தாள். நாலு வயதை நெருங்குகிற பிள்ளைகளை ஒவ்வொருவராக எதிரே உட்காரவைத்து, படத்தைக் காட்டி, இது என்ன, இது என்ன என்று கேட்டாள். ஒன்றிரண்டு பிள்ளைகள் முணுமுணுத்தன. ஒன்று அழுதது. என் கடைசிப் பையன் செமிசி மட்டும் கோழிப் படத்தைப் பார்த்தான், ரெபேக்காவைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், தலையைக் குனிந்துகொண்டான். அப்புறம் அவள் படகைக் காட்டினாள், பன்றியைக் காட்டினாள், தேங்காயைக் காட்டினாள். குனிந்த தலை நிமிரவே இல்லை.

"வீட்ல பேசுவானா? எத்தனை வார்த்தை சொல்லுவான்? உங்களை என்னன்னு கூப்பிடுவான்?"

நான் யோசித்தேன். என் பிள்ளை என்னை என்னவென்று கூப்பிடுவான் என்று எனக்குத் தெரியவில்லை. பசித்தால் அவன் என்னிடம் வந்ததில்லை. விழுந்தால் என்னிடம் வந்ததில்லை. எல்லாவற்றுக்கும் லூப்பே இருந்தாள்.

லூப்பே என் மூத்தவள். பதினோரு வயது. செமிசிக்கு ஆறு மாதம் ஆனதிலிருந்து அவன் அவள் இடுப்பில்தான் இருந்தான். எல்லா வீட்டிலும் அப்படித்தான். பெற்றுப் பால் கொடுப்பது அம்மா வேலை, தூக்கிக்கொண்டு திரிவது அக்கா வேலை. அவன் சிணுங்கினால் நான் தலையைத் திருப்பாமல் "லூப்பே!" என்று ஒரு சத்தம் போடுவேன். அவள் ஓடி வந்து அவன் முகத்தை ஒரு பார்வை பார்ப்பாள். "வாழைப்பழம் வேணுமாம். நேத்து குடுத்தது புளிச்சுதாம். அதே சீப்புல வேணாமாம்" என்பாள்.

"இவ்வளவையும் அவன் எப்படி சொன்னான்? ஒரு 'ம்' தானே சொன்னான்?" என்று என் வீட்டுக்காரர் பெனியாமினா கேட்பார்.

"அந்த 'ம்'முக்குள்ள எல்லாம் இருக்குப்பா."

ஊர்ச்சபை கூடும்போது எங்கள் பெரிய தலைவர் வாயைத் திறக்க மாட்டார். அவருக்காக அவருடைய பேச்சாளர்தான் எழுந்து பேசுவார். பெரியவர் பாயில் சம்மணமிட்டு உட்கார்ந்து புருவத்தை மட்டும் அசைப்பார். செமிசியையும் லூப்பேயையும் பார்த்து ஊரே அதைச் சொல்லித்தான் கேலி செய்தது. ஞாயிற்றுக்கிழமை விருந்தில் கொழுந்தனார், "தலைவர் புருவத்தத் தூக்கிட்டாரு, பேச்சாளரம்மா, உத்தரவு என்ன?" என்பார். லூப்பே எழுந்து கையைக் கட்டிக்கொண்டு, "தலைவருக்குப் பன்னிக்கறியில கொழுப்பில்லாத துண்டு வேணுமாம்" என்பாள். சிரிப்பு அடங்க நேரமாகும். அந்தச் சிரிப்பில் என் சிரிப்புதான் பெரியது. என் பிள்ளை வாய் திறக்காமலே காரியம் சாதிக்கிறான் என்று பெருமை வேறு.

அந்த லூப்பே போய் அப்போது சரியாக ஒரு மாதம். பெனியாமினாவின் அக்கா கடலுக்கு அந்தப் பக்கம், தலைநகர் ஆப்பியாவில் இருக்கிறாள், பிள்ளை இல்லை. "புள்ளைய எங்கிட்ட அனுப்பு, நல்ல பள்ளிக்கூடத்துல போடுறேன்" என்று கேட்டாள். கேட்ட பிறகு கொடுக்காமல் இருக்க முடியுமா? முதல் கப்பலைப் பிடிக்க விடியுமுன்னே பஸ் ஏற வேண்டும். செமிசி தூங்கிக்கொண்டிருந்தான். எழுப்பட்டுமா என்று லூப்பே கேட்டாள். "வேணாம்டி, முழிச்சா கத்துவான்" என்று நான்தான் சொன்னேன். அவள் அவன் காலைத் தொட்டுப் பார்த்துவிட்டுப் போனாள்.

ரெபேக்கா ஒரு தாளை எடுத்து அவன் பெயரை எழுதினாள்.

"ஆப்பியா ஆஸ்பத்திரிக்கு எழுதித் தரேன். மூளை வளர்ச்சி பாக்குற டாக்டர் இருக்காரு. சோதிச்சுச் சொல்லுவாரு."

"மூளை வளர்ச்சியா?" என்றேன். "அவன் நல்லாத்தானே சாப்பிடுறான்?"

அவள் சிரிக்கவில்லை. அதுதான் என்னைப் பயமுறுத்தியது.

"இப்பவே பயப்பட வேணாம். அடுத்த தடவை நான் வர்ற வரைக்கும் இந்தத் தாள் எங்கிட்டயே இருக்கட்டும். அதுக்குள்ள அவன்கிட்ட பேசுங்க."

"நாள் முழுக்கப் பேசிக்கிட்டுதானே இருக்கேன்! தொண்டை வத்திப் போகுது."

"என்ன பேசுவீங்க? சொல்லுங்க பாப்போம்."

வாயைத் திறந்தேன். உட்காரு. வாய மூடு. தொடாத. அங்க போகாத. பெரியவங்க பேசும்போது நடுவுல வராத. அடி வாங்குவ. அதற்கு மேல் எனக்கு எதுவும் நினைவுக்கு வரவில்லை.

"அதெல்லாம் உத்தரவுங்க. பேச்சு வேற" என்றாள் ரெபேக்கா. இருபத்தைந்து வயதுப் பெண், கல்யாணம்கூட ஆகவில்லை, எனக்குச் சொல்லிக் கொடுக்கிறாள். ஆனால் கோபப்பட எனக்குத் தெம்பில்லை. "சின்ன வயசுல பெரியவங்க பேசப் பேசத்தான் புள்ளைக்குப் பேச்சும் வரும், யோசனையும் வரும். கண்ணுல படுறத காட்டி இது என்னன்னு கேளுங்க. கேட்டுட்டு உடனே திட்டாதீங்க. மனசுக்குள்ள பத்து எண்ணுங்க. காத்திருங்க. அடிக்காதீங்க. அடுத்த மாசம் இந்தப் படத்துல அஞ்சு சொன்னான்னா, தாளைக் கிழிச்சுப் போட்டுருவேன்."

வீட்டுக்கு வந்து பெனியாமினாவிடம் சொன்னேன். அவர் வலையைப் பிரித்துக்கொண்டே, "நாலு வயசுப் பையன்கிட்ட உக்காந்து என்னத்தப் பேசுறது? விலைவாசியா?" என்றார். நான் சிரிக்காததைப் பார்த்ததும் வலையைக் கீழே வைத்தார்.

"என்னாலதான் இப்படி ஆச்சா?" என்று கேட்டேன். "பொறந்ததும் அவள்கிட்ட தூக்கிக் குடுத்துட்டேன். ஒரு வார்த்தை பேசினதில்ல. அவன் மண்டைக்குள்ள ஒண்ணுமே வளராம போச்சா?"

"எல்லாப் புள்ளைங்களும் இப்படித்தானே வளருது."

"எல்லாப் புள்ளைங்களும் பேசுதே!"

அவர் மறுபடி வலையை எடுத்துக்கொண்டார். அவன் வயிற்றில் இருந்தபோது நான் ஒரு தடவை கிணற்றடியில் வழுக்கி விழுந்தேன். ஒரு வயதில் அவனுக்குக் காய்ச்சல் வந்து மூன்று நாள் கண் திறக்கவில்லை. தாழம்பாய் பின்னிக்கொண்டே அதையெல்லாம் எடுத்து எடுத்துப் பார்த்தேன். பின்னல் கோணிப் போனது.

மறுநாள் ஆரம்பித்தேன். அடுப்புக் கொட்டகை வாசலில் எங்கள் கோழி ஒன்று மேய்ந்துகொண்டிருந்தது. செமிசியைக் கூப்பிட்டேன். அவன் என் முன்னே வந்து, வழக்கம்போல் தலையைக் குனிந்து நின்றான்.

"செமிசி, இது என்ன?"

அவன் கோழியைப் பார்த்தான். என்னைப் பார்த்தான். மறுபடி கோழியைப் பார்த்தான்.

ஒன்று, இரண்டு, மூன்று என்று மனதுக்குள் எண்ணினேன். பத்து எண்ணுவது இவ்வளவு கஷ்டம் என்று எனக்கு அதுவரை தெரியாது. ஏழில் என் கை தானாக ஓங்கியது, கீழே இறக்கினேன். பத்து ஆனது. கோழிதான் கொக்கரித்தது.

வேலி ஓரத்தில் நின்ற வயோலா கைதட்டிச் சிரித்தாள். வயோலா என் கொழுந்தனார் பெண்டாட்டி, பக்கத்து வீடு. அவளுக்கு வேறு வேலை கிடையாது. "அசெனாத்தி, கோழியே பதில் சொல்லிருச்சு! நீ எதுக்குப் பையனத் தொந்தரவு பண்ற?"

"உன் வேலையப் பாத்துக்கிட்டுப் போடி."

"என் வேலையத்தான் பாக்குறேன். முப்பத்தாறு வயசுல கோழிய இது என்னன்னு கேக்குறாளேன்னு பாக்குறேன்."

நான் விடவில்லை. வாளியைத் தூக்கினால் இது என்ன. கத்தியை எடுத்தால் இது என்ன. சேப்பங்கிழங்கு, தேங்காய், பன்றி, பாய், கைலி. கடலைக்கூடக் காட்டிக் கேட்டேன், வீட்டுக்கு எதிரே பிறந்ததிலிருந்து பார்த்துக்கொண்டிருக்கிற கடலை. அவன் பதில் சொல்லவே இல்லை. ஆனால் என்னைப் பார்க்கிற விதம் மாறியது. முன்பெல்லாம் என் கையைத்தான் பார்ப்பான், அடி வருமா வராதா என்று. இப்போது முகத்தைப் பார்த்தான். ஒருநாள் நான் பாய் பின்னும்போது மெதுவாக வந்து என் நெற்றியில் கையை வைத்துவிட்டு ஓடினான். பிள்ளைக்குப் பாசம் வந்துவிட்டது, ரெபேக்கா சொன்னது பலிக்கிறது என்று பெனியாமினாவிடம் சொல்லிச் சொல்லி மாய்ந்துபோனேன்.

மூன்றாவது வாரம் போதகரம்மா வீட்டுக்கு வந்தார். கையில் நல்ல பின்னல் விசிறி. அவர் முன்னால் செமிசி ஒரு வார்த்தை சொன்னால் ஊர் வாய் அடங்கும் என்று எனக்கு ஆசை. விசிறியைக் காட்டி, "செமிசி, இது என்ன? சொல்லு பாப்போம்" என்றேன். அவன் கண்ணில் தண்ணீர் முட்டியது. என் கைலியைப் பிடித்து வெளியே இழுத்தான். நான் மறுபடியும் கேட்டேன். அவன் கையை எடுத்து என் வாயைப் பொத்தினான்.

போதகரம்மா முன்னால்! பெற்றவள் வாயைப் பொத்துகிறான்! பத்தாவது எண்ணுவதாவது! தொடையில் ஓங்கி ஒன்று வைத்தேன். அவன் அழாமல் எழுந்து போனான். போதகரம்மா விசிறிக்கொண்டே, "குழந்தைங்கதானே" என்றார். அவர் போன பிறகு நான் அடுப்புக் கொட்டகையில் போய் உட்கார்ந்து அழுதேன். மாதத்தில் இன்னும் ஒன்பது நாள்தான் இருந்தது.

இதற்கு நடுவில் இன்னொரு தலைவலி. சாயங்கால ஜெபத்துக்குச் சங்கு ஊதினால் எங்கள் ஊரில் ஒரு ஈ காக்கை ரோட்டில் நிற்கக் கூடாது. ஊர் இளவட்டங்கள் வரிசையாக நின்று காவல் பார்ப்பார்கள். அப்படி நின்றவர்களில் ஒருவன் செமிசியைத் தோளில் தூக்கிக்கொண்டு வந்து இறக்கினான்.

"அசெனாத்தியக்கா, உங்க பையன் பஸ் நிக்கிற இடத்துல நிக்கிறான். இதோட மூணாவது தடவை. அடுத்த தடவை தலைவர்கிட்ட போயிரும், சொல்லிட்டேன்."

"எங்கடா போற? எதுக்குடா போற?" என்று கத்தினேன். அது கேள்வியில்லை. அடிக்கு முன்னால் வருகிற சத்தம் அது. அவனுக்கும் அது தெரியும். முதுகைக் காட்டிக்கொண்டு நின்றான்.

ரெபேக்கா வருவதற்கு முந்தின நாள். நான் கொட்டகையில் சீமைப்பலா சுடப் போட்டுவிட்டு, துருவியில் உட்கார்ந்து தேங்காய் துருவிக்கொண்டிருந்தேன். மனசு செத்துப் போயிருந்தது. நாளைக்கு அந்தத் தாளை என் கையில் கொடுப்பாள், ஆப்பியாவுக்குப் போக வேண்டும், அங்கே யாரோ ஒரு டாக்டர் என் பிள்ளையின் மண்டையைப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்குவார். கொட்டகைக்குப் பின்னால் தேங்காய் மட்டைக் குவியல். அங்கிருந்து பேச்சுச் சத்தம் வந்தது. ஒன்று வயோலாவின் மகன் எலியாவின் குரல். ஐந்து வயது, சரியான வாயாடி. இன்னொரு குரல் யாருடையது என்று எனக்குத் தெரியவில்லை. கொஞ்சம் கரகரப்பான, நிதானமான குரல்.

"எங்கம்மாவுக்கு ஒடம்பு சரியில்ல" என்றது அந்தக் குரல்.

"என்னாச்சு? வயித்துவலியா?" என்றான் எலியா.

"இல்ல. மறந்துபோச்சு. எல்லாம் மறந்துபோச்சு. கோழி தெரியல. பன்னி தெரியல. தெனமும் வாளிய தூக்குறாங்க, தூக்கிட்டு இது என்னங்கறாங்க."

என் கை நின்றது. துருவிய தேங்காய் மடியில் கொட்டியது.

"வாளின்னு சொல்றதுதானே?" என்றான் எலியா.

"எப்படி சொல்றது? எல்லாரும் இருக்காங்கல்ல. நான் சொன்னா அம்மாவுக்குத் தெரியாதுன்னு எல்லாருக்கும் தெரிஞ்சுரும். உங்கம்மா ஏற்கெனவே சிரிக்கிறாங்க. அன்னிக்கு போதகரம்மா முன்னாடியே விசிறி என்னன்னு கேட்டுட்டாங்க. நான் வாயப் பொத்தினேன். அடிச்சுட்டாங்க."

"எங்கம்மாவுக்குக் கோழி தெரியும்" என்றான் எலியா.

"எங்கம்மாவுக்கும் முன்னாடி தெரியும். காச்சலான்னு நெத்திய தொட்டுப் பாத்தேன். காச்சல் இல்ல. அக்கா வந்தா கேக்கணும்."

எனக்குச் சிரிப்பு வந்தது. அடக்க முடியாத சிரிப்பு. வாயைப் பொத்த எதுவும் கிடைக்காமல் தேங்காய் மூடியை எடுத்து வாயில் கடித்துக்கொண்டேன். அதே நேரத்தில் கண்ணிலிருந்து தண்ணீர் ஊற்றியது. என் பிள்ளை பேசுகிறான்! யோசிக்கிறான்! வயோலாவின் பிள்ளையைவிடப் பத்து மடங்கு யோசிக்கிறான்! கிணற்றடியில் விழுந்ததும் காய்ச்சல் வந்ததும் ஒன்றும் செய்யவில்லை. கர்த்தாவே என்று அண்ணாந்து பார்த்தேன், கூரையில் புகைதான் இருந்தது.

அப்புறம்தான் உறைத்தது. எங்கள் ஊரில் ஒருத்தர் ஒன்றைக் கேட்டால் அது அவருக்குத் தெரியாது, அதனால்தான் கேட்கிறார். தெரிந்ததை யார் கேட்பார்கள்? பத்து எண்ணி எண்ணி, ஒரு மாதமாக என் பிள்ளையின் கண்முன்னே நான் பைத்தியமாகிக்கொண்டிருந்திருக்கிறேன். அந்தச் சின்ன உயிர் அதை ஊருக்குத் தெரியாமல் மூடி மறைக்கப் பார்த்திருக்கிறது. அதற்கு நான் கொடுத்தது ஒரு அடி.

எழுந்து பின்பக்கம் போனேன். என்னைப் பார்த்ததும் எலியா மட்டைக் குவியலைத் தாண்டி ஓடிவிட்டான். செமிசி எழுந்து நின்று தலையைக் குனிந்துகொண்டான். நான் அவன் எதிரே மண்ணில் உட்கார்ந்தேன். அவன் முகம் என் முகத்துக்கு நேராக வந்தது. இவ்வளவு பக்கத்தில் அவன் முகத்தை நான் எப்போது பார்த்தேன்? வலது புருவத்தில் ஒரு சின்னத் தழும்பு இருந்தது. அது எப்போது பட்டது என்றுகூட எனக்குத் தெரியாது.

"எனக்குக் கோழி தெரியும்டா" என்றேன்.

அவன் நம்பவில்லை. நன்றாகத் தெரிந்தது.

"வாளி தெரியும். பன்னி தெரியும். எனக்கு ஒண்ணும் மறக்கல. உனக்குத் தெரியுமான்னு பாக்கச் சொல்லி நர்ஸம்மா சொன்னாங்க. அதான் கேட்டேன்."

"எனக்குத் தெரியும்" என்றான்.

என்னிடம் அவன் சொன்ன முதல் வார்த்தை. எனக்குத் தெரிந்து முதல் வார்த்தை.

"தெரிஞ்சா வாயத் தொறந்து சொல்ல வேண்டியதுதானே!" என்று என் வாய் பழக்கத்தில் சீறியது. அவன் முகம் மூடிக்கொண்டது. நாக்கைக் கடித்துக்கொண்டேன். திருந்தாத ஜென்மம் நான்.

இனி என்ன கேட்பது? வாளியும் கோழியும் போதும். எனக்கு நிஜமாகவே தெரியாதது அவனைப் பற்றி என்ன இருக்கிறது என்று யோசித்தேன். எல்லாமே தெரியாதுதான். அதில் ஒன்றைப் பிடித்தேன்.

"சாயங்காலமானா ரோட்டுக்குப் போறியே, எதுக்கு? நெசமாவே எனக்குத் தெரியலடா."

அவன் என் முகத்தை ஆராய்ந்தான். இதுவும் அந்தக் கோழிக் கேள்விதானா என்று பார்த்தான். நான் எண்ணவில்லை. எண்ணத் தோன்றவும் இல்லை, அவன் என்ன சொல்வான் என்று எனக்குத் தெரிந்தாக வேண்டும்.

"பஸ் பாக்க" என்றான்.

"எந்த பஸ்?"

"கப்பல்லேருந்து ஆள் ஏத்திக்கிட்டு வர்ற பஸ். அக்கா எறங்குவா. நான் தூங்கிட்டேன், அப்ப போயிட்டா. எறங்கும்போது யாரும் இல்லேன்னா அழுவா."

"தெனமும் போவியா?"

"தெனமும். சங்கு ஊதுறதுக்குள்ள ஓடி வந்துருவேன். பஸ் லேட்டாச்சுன்னா மட்டும் புடிச்சுருவாங்க."

இரண்டு மாதம். நாங்கள் ஜெபத்துக்குப் பாய் விரிக்கிற நேரத்தில், என் பிள்ளை ரோட்டோரத்தில் நின்று, வருகிற பஸ்ஸில் இறங்குகிற ஒவ்வொரு காலாகப் பார்த்துவிட்டு வீட்டுக்கு ஓடி வந்திருக்கிறான். லூப்பே ஆப்பியாவில் படிக்கிறாள் என்பது ஊரில் எல்லோருக்கும் தெரியும். வயோலாவுக்குத் தெரியும், எலியாவுக்குத் தெரியும், ரோட்டில் காவல் நிற்கிற பயல்களுக்குத் தெரியும். நாங்கள் அதை அவனிடம் மறைக்கவில்லை. சின்னப் பிள்ளையிடம் போய் இதையெல்லாம் யார் சொல்வார்கள்? யாரும் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

அதற்கு மேல் தள்ளிப்போட எனக்கு உரிமையில்லை.

"செமிசி, அக்கா இன்னைக்கு வர மாட்டா. நாளைக்கும் வர மாட்டா. ஆப்பியாவுல அத்தை வீட்ல இருந்து படிக்கிறா. பள்ளிக்கூடம் விட்டு கிறிஸ்மஸ்க்குத்தான் வருவா. அவ அழல. அங்க அத்தை இருக்காங்க. போகும்போது உன்ன எழுப்பணும்னு சொன்னா. நான்தான் வேணாம்னுட்டேன்."

அவன் ஒவ்வொரு வார்த்தையாக வாங்கிக்கொண்டான். கண் என் வாயைவிட்டு நகரவில்லை.

"ஏன் எங்கிட்ட சொல்லல?"

"நீ சின்னப் பையன். சொன்னா புரியாதுன்னு நெனச்சேன்."

"இப்பப் புரிஞ்சுதே" என்றான்.

அப்போது ரோட்டில் பஸ்ஸின் பாட்டுச் சத்தம் கேட்டது. எங்கள் ஊர் பஸ் வருவதற்கு முன்பே அதன் பாட்டு வந்துவிடும். அவன் சட்டென்று திரும்பி இரண்டடி ஓடினான். நின்றான். பஸ் நின்ற சத்தம் கேட்டது, யாரோ இறங்கினார்கள், பாட்டு தூரமாகப் போனது. அவன் திரும்பி வந்து என் மடியில் உட்கார்ந்து, கைலியில் ஒட்டியிருந்த தேங்காய்த் துருவலில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதான். லூப்பே போன நாள் அழ வேண்டிய அழுகை அது. நான் "வாய மூடு" என்று சொல்லவில்லை. அடுப்பில் சீமைப்பலா கருகுகிற வாடை வந்தது, கருகட்டும் என்று விட்டேன்.

அழுது முடித்து மூக்கைத் துடைத்துக்கொண்டு, "கிறிஸ்மஸ் எப்ப வரும்?" என்று கேட்டான். அவனுக்கு நிஜமாகவே தெரியாது.

"ஞாயித்துக்கெழமையா எண்ணுவோம்" என்றேன். "இந்த வாரம் வெள்ளைச் சட்டை போட்டுக்கிட்டுக் கோயிலுக்குப் போவோமே, அது ஒண்ணு." விரலை மடக்கினேன். அதற்கடுத்தது இரண்டு, அதற்கடுத்தது மூன்று. அவன் என் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தான். மொத்தம் பதினொரு ஞாயிறு. என் பத்து விரலும் தீர்ந்துபோனதும் நான் நிறுத்தினேன். அவன் தன் விரல் ஒன்றை நீட்டினான்.